டாக்டரம்மா கதவைத் திறந்த ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு என்னை யாரும் கூப்பிடக் கூடாது. கல்யாணமாகி வந்த மூன்றாவது வாரமே நான் வீட்டில் போட்ட சட்டம் இது. புது மருமகள் சட்டம் போடுவதா என்று தெருவில் வாயைப் பிளந்தார்கள். பிளந்தால் பிளக்கட்டும் என்று விட்டுவிட்டேன். டிவி என் அப்பா சீராகக் கொடுத்தது. அதில் நான் ஆசைப்பட்டுப் பார்த்தது வாரத்துக்கு ஒரே ஒரு அரை மணி நேரம். அந்த நேரத்தில் வந்து உப்பு இருக்கிறதா, புளி இருக்கிறதா என்று யாராவது நின்றால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

தொண்ணூறுகளின் நடுவில் சந்தவாசல் பக்கத்திலிருந்து ஆரணிக்கு வாக்கப்பட்டு வந்தேன். அந்தத் தொடர் அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. எந்த நாட்டுத் தொடரோ, தமிழில் குரல் கொடுத்துப் போட்டார்கள். வேறொரு கிரகம். எந்நேரமும் மூடுபனி. அதன் நடுவில் இரும்பால் கட்டிய ஒரு நிலையம். உள்ளே ஆறு பேர். முதல் வாரமே இன்ஜினியர் எதையோ ரிப்பேர் பண்ண மூடுபனிக்குள் போகிறார், திரும்பவில்லை. அவர் மனைவிதான் அங்கே டாக்டர். அந்த அம்மாள் கதவில் இருக்கும் வட்டக் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டே நிற்பதோடு முதல் வாரம் முடிந்தது.

மற்ற நால்வரில் இரண்டு பேரைத்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒருவர் கிழட்டுச் சமையல்காரர், இன்னொருத்தி விண்கப்பல் ஓட்டுகிற பெண். இரண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. ஏனென்றால் அந்த மூடுபனிக்குள் ஏதோ ஒன்று இருக்கிறது. வெளியே போனவரின் முகத்தை, குரலை, நினைப்பை எல்லாம் எடுத்துக்கொண்டு அது வந்து கதவைத் தட்டும். உள்ளே வரலாமா என்று பணிவாகக் கேட்கும். இப்போது உள்ளே இருப்பவர்களிலேயே யாராவது அப்படி வந்த ஒன்றுதானோ என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஒருவர் ஆக்கியதை இன்னொருவர் சாப்பிட மாட்டார்கள். அவரவர் பொட்டலத்தை அவரவரே பிரித்து, சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, மற்றவர்களைப் பார்த்தபடியே மெல்லுவார்கள். அந்த மெல்லுகிற சத்தத்தைக் கேட்டாலே எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

நான் வாக்கப்பட்ட வீடும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

நீளமான ஓட்டு வீடு. நடுவில் இடுப்பளவுச் சுவர் வைத்து இரண்டாகப் பிரித்திருந்தார்கள். இந்தப் பக்கம் நானும் என் கணவரும். அந்தப் பக்கம் அவருடைய அண்ணனும் அண்ணியும். எனக்கு அவர் மூத்தார், அந்த அம்மாள் ஓரகத்தி, அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மாமனார் மாமியார் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். முன் கூடத்தில் இருந்த பட்டுத் தறி மட்டும் பொது. மூத்தார் கெட்டிக்கார நெசவாளி. வாய் நிறையச் சிரிப்பார், கிண்டல் பண்ணுவார், தெருவே அவரைக் கொண்டாடும். குடித்துவிட்டு வரும் நாள்களில் சுவருக்கு அந்தப் பக்கம் ஏதாவது விழுகிற சத்தம் கேட்கும். மறுநாள் அக்காவின் முழங்கையில் நீலம் பாய்ந்திருக்கும். தறிப் பலகை பட்டுவிட்டது என்பாள். எங்கள் தெருவில் இதையெல்லாம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நானும் எடுத்துக்கொள்ளவில்லை. இதை இப்போது எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

நான் வந்து இரண்டே மாதத்தில் மூத்தாருக்கும் என் கணவருக்கும் தறி வேலையில் வாய்த்தகராறு வந்தது. மூத்தார் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் போனார். போனவர் போனவர்தான். பெங்களூரில் பார்த்தேன் என்று ஒருவர், சூரத்தில் விசைத்தறி ஓட்டுகிறார் என்று இன்னொருவர். தேடாத இடமில்லை. புது மருமகள் காலடி வைத்த நேரம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். என் காதில் விழும்படியாகவேதான் பேசினார்கள்.

என் கணவர் அரிசி மில் வேலைக்குப் போனார். தறியில் அக்காவும் நானும் உட்கார்ந்தோம். கோர்வைச் சேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். நடுவில் இருப்பவர் குழிக்குள் காலை விட்டு மிதியை மிதித்து, சேலையின் உடல் நாடாவை, அதாவது நூல் சுற்றிய ஓடத்தை, வலது கரை வரைக்கும் ஓட்டுவார். கரைக்கு வேறு நிறம், வேறு நாடா. அதைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் போட வேண்டும். இரண்டு நூலும் விரலோடு விரல் கோத்ததுபோல ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். ஒரு தடவை தவறினாலும் கரைக்கும் உடலுக்கும் நடுவே கீறல் விட்டுவிடும். நடுவில் உட்காருவது எப்போதும் வீட்டு ஆம்பிளைதான், பக்கத்தில் பெண்டாட்டி. மூத்தார் போன பிறகு அக்கா நடுவுக்கு வந்தாள், அவள் இடத்துக்கு நான் வந்தேன்.

ஆறு மாதம் அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. முழங்கை உரச உட்கார்ந்திருக்கிறோம், கையும் கையும் சேர்ந்து ஒரே துணியை நெய்கிறோம், பேச்சு மட்டும் கிடையாது. வேண்டுமென்றால் இருமுவாள். அந்த இருமலுக்கு நூல் அறுந்தது என்று அர்த்தம். என் புருஷனால்தான் அவள் புருஷன் போனான் என்ற கோபம் என்று நினைத்தேன். எனக்கோ வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. யாரிடமாவது எதையாவது சொல்லாவிட்டால் வயிறு உப்பிவிடும். ஒரு திங்கட்கிழமை பொறுக்க முடியாமல், தறிக்கு மேலே பூ வேலைக்காக மாட்டியிருந்த ஜக்கார்டு பெட்டியைப் பார்த்துக்கொண்டு, அந்தத் தொடரின் கதையை முதலிலிருந்து சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தேன். பெட்டிக்குத்தானே சொல்கிறேன், யாருக்கு என்ன நஷ்டம்?

சாயங்காலம் தறியை விட்டு எழுந்தபோது அக்கா கேட்டாள்.

"அந்த டாக்டரம்மா கதவத் தொறந்துட்டாளா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் குரலே மறந்துபோயிருந்தது.

"இல்லக்கா. கண்ணாடி வழியா பாத்துகினே நிக்குது."

"ம்" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

ஞாயிறு காலையில் அக்கா பக்கத்துத் தெருவுக்குப் பட்டு சுற்றப் போய்விடுவாள். அதனால் திங்கட்கிழமை தோறும் நான் சொல்வதுதான் அவளுக்குத் தொடர். கரண்ட் போய் நான் பாதி பார்க்காத வாரங்களில் மீதியை நானே இட்டுக்கட்டுவேன். எவ்வளவு சொன்னாலும் கடைசியில் அவள் கேட்பது ஒன்றே ஒன்றுதான். இன்னும் தொறக்கலையே? இன்னும் தொறக்கலையே? பாவம், வீட்டுக்காரர் வருவார் வருவார் என்று இவளும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அதனால்தான் டாக்டரம்மாள் மீது இவ்வளவு உருக்கம் என்று எனக்கு மனசு இளகிப்போகும்.

இதற்கிடையில் சமையல்காரருக்கும் கப்பல்காரிக்கும் மெல்ல மெல்ல ஒட்டுதல் வந்தது. அதை எப்படிக் காட்டினார்கள் என்பதை நான் இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பதுண்டு. ஒரு வாரம் அவள் காய்ச்சலில் கிடக்கிறாள். அவர் கஞ்சி வைத்துக் கொண்டுவந்து, தூரத்தில் வைத்துவிட்டு, தானே முதலில் ஒரு வாய் குடித்துக் காட்டுகிறார். அவள் தொடவில்லை. அடுத்த வாரம் பாதி குடிக்கிறாள், கண்ணை அவர் மேலேயே வைத்துக்கொண்டு. அதற்கடுத்த வாரம் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து குடிக்கிறாள். அவ்வளவுதான். அழுகை, கட்டிப்பிடித்தல் ஒன்றும் இல்லை. முதுகைக் காட்டினாள், அவர் அதைப் பார்த்தார், பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

இதை நான் சொன்ன வாரம் எனக்கு வாந்தி ஆரம்பித்திருந்தது, என் மூத்த பையன் வயிற்றில். வாயில் எதுவும் தங்கவில்லை. புதன்கிழமை காலையில் அக்கா ஒரு சொம்பில் அரிசிக் கஞ்சி கொண்டுவந்து இடுப்புச் சுவர்மேல் வைத்தாள். வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்தபடி, தானே ஒரு மடக்கு குடித்தாள்.

"ஒண்ணியும் கலக்கல. குடி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். அதுதான் முதல் தடவை.

பிறகு தொடரில் ஒரு பொய் வந்தது. வெளியிலிருந்து வரும் அந்த ஒன்றுக்கு நம் நினைப்பு அத்தனையும் தெரியும். பிறந்த ஊர் கேட்டால் சொல்லும், அம்மா பாடிய தாலாட்டைக் கேட்டால் பாடும். உண்மையை வைத்துச் சோதித்தால் உண்மையையே சொல்லித் தப்பிக்கும். ஆனால் பொய் சொல்ல மட்டும் அதற்கு வராது. அதனால் சமையல்காரர் கப்பல்காரியிடம், நாம் இரண்டு பேரும் ஒரு பொய் பேசி வைத்துக்கொள்வோம் என்கிறார். நேற்று மழை பெய்ததா என்று நீ கேள், நனைந்து ஊறிப்போனேன் என்று நான் சொல்வேன். அந்தக் கிரகத்தில் மழையே கிடையாது. அது உள்ளே வந்தால், மழை ஏது என்று உண்மையைச் சொல்லி மாட்டிக்கொள்ளும்.

அக்கா இதைக் கேட்டு நாடாவைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"நல்ல யோசனையா கீதே," என்றாள். "நாமளும் ஒண்ணு வச்சிக்கலாமா?"

எங்கள் ஊர் ஆற்றில் மணல்தான் ஓடும். அதனால் எங்கள் பொய் சுலபமாகக் கிடைத்தது. காலையில் தறியில் உட்கார்ந்ததும் ஒருத்தி கேட்க வேண்டும்: ஆத்துல தண்ணி எப்படி? இன்னொருத்தி சொல்ல வேண்டும்: ரெண்டு கரையும் தொட்டுப் போவுது. சொல்லிவிட்டு முகத்தில் சிரிப்பு வராமல் முதல் நாடாவைப் போட வேண்டும். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் ஒரு நாள் தவறாமல் கேட்டோம்.

தொடர் முடிந்த ஞாயிறை என்னால் மறக்க முடியாது. கரண்ட் போகவில்லை. போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கதவு தட்டப்படுகிறது. வட்டக் கண்ணாடியில் இன்ஜினியரின் முகம். உள்ளே வரலாமா என்கிறார். டாக்டரம்மாவுக்கும் அவருக்கும் பேசி வைத்த பொய் எதுவும் இல்லை, அவர் போன பிறகுதான் அந்த வழக்கமே வந்தது. மற்ற நால்வரும் அவளைப் பார்க்கிறார்கள். முதல் வாரமாக இருந்தால் ஆளுக்கு ஒரு கம்பியைத் தூக்கிக்கொண்டு அவளைத் தடுத்திருப்பார்கள். இப்போது சமையல்காரர் சொல்கிறார், உன் முடிவுதான், நாங்கள் உன்னை நம்புகிறோம் என்று. நால்வரும் விலகி நிற்கிறார்கள். அவள் திறக்கிறாள். அவர் வருகிறார். ஆறு பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து சிரித்துச் சாப்பிடுகிறார்கள். அப்புறம் கேமரா மெதுவாக வெளியே போகிறது. மூடுபனி விலகுகிறது. பாறைக்குப் பின்னால் இன்ஜினியர் உறைந்துபோய்க் கிடக்கிறார். கண்ணாடித் தொப்பிக்குள் அதே முகம், கண் திறந்தபடி. உள்ளே சிரிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அதோடு முடிந்தது. அடுத்த வாரம் அந்த நேரத்தில் ஏதோ பாட்டுப் போட்டி வந்தது. அந்தத் தொடர் திரும்ப வரவே இல்லை.

ராத்திரி முழுக்க யோசித்தேன். அக்காவிடம் இதை எப்படிச் சொல்வது? புருஷன் போய் ஒன்றரை வருஷமாக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறவளிடம், வந்தது அவன் இல்லை, அவன் பிணமாகக் கிடக்கிறான் என்று எந்த வாயால் சொல்வது? திங்கட்கிழமை தறியில் உட்கார்ந்ததும் அவள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

"தொறந்துட்டாக்கா. அவரேதான். அவருதான் வந்தாரு. எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்ட்டாங்க."

அக்கா தறிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மிதியை மிதித்தாள், நாடாவை ஓட்டினாள், நானும் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் கரை ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கோர்வை விட்டுப்போயிருந்தது. அக்கா கையில் அப்படி ஒரு பிசகு வந்து நான் பார்த்ததே இல்லை. அதைப் பிரித்தெடுக்க எங்களுக்கு மத்தியானம் வரை ஆனது. ஒரே நூலை அவள் மூன்று தடவை தவறவிட்டாள். சந்தோஷத்தில் கை ஓடவில்லை என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மெல்லக் கேட்டாள்.

"உள்ள வந்ததுக்கு அப்பால கதவ மூடிகினாங்களா?"

"மூடிகினாங்கக்கா."

"ம்."

தொடர் நின்றுபோனதை நான் அவளிடம் சொல்லவில்லை. அதன் பிறகு வந்த வாரங்களெல்லாம் என் வாயில் ஓடியவை. டாக்டரம்மாளும் இன்ஜினியரும் குடும்பம் நடத்தினார்கள். சமையல்காரரும் கப்பல்காரியும் சண்டை போட்டுச் சமாதானமானார்கள். மூடுபனியிலிருந்து புதிது புதிதாக ஏதாவது வந்தது. அக்கா இடையில் வினோதமாகக் கேட்பாள். அவரு எந்தக் கையால சாப்புடுறாரு? அந்தம்மா எங்க படுத்துக்குது? மத்தவங்க பக்கத்துலதானே இருக்காங்க? நானும் வாய்க்கு வந்ததைச் சொல்வேன். நான் பிரசவத்துக்கு அம்மா வீடு போய்த் திரும்பியபோது வாசல் கதவுக்கு உள்பக்கம் புதுத் தாழ்ப்பாள் போட்டிருந்தது. திருட்டுப் பயம் என்றாள். என் இரண்டு பிள்ளைகளையும் அவள்தான் வளர்த்தாள் என்று சொல்லலாம். எனக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்திருந்தபோது என் பங்குக்கும் சேர்த்து அவள் ஒற்றை ஆளாக இரண்டு நாடாவையும் போட்டாள், எழுந்து எழுந்து குனிந்து, இடுப்பு ஒடிய. கூடப் பிறந்தவர்கள் எனக்கு நான்கு பேர். அவர்களில் ஒருவரிடமும் நான் அவளிடம் இருந்ததுபோல இருந்ததில்லை.

எட்டு வருஷம் ஓடியது. செல்போன்கூட வந்துவிட்டது.

அந்த வருஷம் ஐப்பசியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. என் நினைவில் முதல் தடவையாக எங்கள் ஊர் ஆறான கமண்டல நாக நதி நிஜமாகவே இரண்டு கரையும் தொட்டு ஓடியது. தெருவே வெள்ளம் பார்க்கப் பாலத்துக்குப் போயிருந்தது. என் கணவரும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். அக்காவும் நானும் மட்டும் தறியில். கரண்ட் இல்லை. ஓட்டில் பதித்த கண்ணாடி வழியாக விழுந்த கொஞ்சம் வெளிச்சத்தில் நெய்துகொண்டிருந்தோம். மத்தியானம் மூன்று மணி இருக்கும்.

கதவு தட்டுகிற சத்தம் கேட்டது.

கதவு திறந்துதான் இருந்தது. எங்கள் தெருவில் பகலில் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். வாசலில் இருந்தே கூப்பிட்டுக்கொண்டு உள்ளே வந்துவிடுவார்கள். திரும்பிப் பார்த்தேன். மழையில் ஒருவர் நின்றார். ஒல்லியாக, தாடி நரைத்து, சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட. மூத்தார் முகம். புருவத்தில் இருந்த வெட்டுத் தழும்புகூட அப்படியே இருந்தது.

"உள்ள வரலாமா?" என்றார்.

சொந்த வீட்டுக்கு வருகிறவர் ஏன் கேட்கிறார்? அக்கா நாடாவைக் கீழே வைத்தாள். அவரை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீ இன்னா சொல்றே?"

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். அக்கா, வந்தது அவர் இல்லை, நான் உன்னிடம் மாற்றிச் சொன்னேன் என்று.

"உங்க வீடுக்கா. உங்க இஷ்டம்."

அக்கா அவரிடம் கேட்டாள், எங்களுடைய கேள்வியை.

"ஆத்துல தண்ணி எப்படி?"

"ரெண்டு கரையும் தொட்டுப் போவுது," என்றார் அவர்.

பாலத்தைத் தாண்டித்தான் வந்திருப்பார். வெள்ளத்தைப் பார்த்திருப்பார். யாரைக் கேட்டாலும் அன்றைக்கு அதைத்தான் சொல்லியிருப்பார்கள். இதெல்லாம் அப்புறம் எனக்கு நானே சொல்லிக்கொண்டது. அந்த நிமிஷத்தில் என் கையிலிருந்த நாடா தறிக்குழிக்குள் விழுந்துவிட்டது.

"வாங்க," என்றாள் அக்கா.

என் கணவர் வந்து கட்டிப்பிடித்து அழுதார். இத்தனை வருஷம் எங்கே இருந்தாய் என்றதற்கு, வடக்கே, உடம்பு சரியில்லாமல் கிடந்தேன் என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லை. பள்ளிக்கூட நாள்களைக் கேட்டார்கள், சரியாகச் சொன்னார். எந்தப் பாட்டிக்கு எந்தக் கண் தெரியாது என்பதுவரை சொன்னார். மனுஷன் திருந்தி வந்துவிட்டான் என்றது தெரு. குடி இல்லை. குரல் உயரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் எதுவும் விழவில்லை. எதை எடுத்தாலும் கேட்டுக்கொண்டு எடுத்தார். உக்காரலாமா, குடிக்கலாமா, விளக்கை அணைக்கலாமா. பிள்ளைகள் முன்பின் பார்க்காத பெரியப்பா என்றுகூட நினைக்காமல் தோள்மேல் ஏறினார்கள். எனக்கு மட்டும் அவர் இருக்கிற இடத்தில் முதுகைக் காட்டி உட்கார முடியவில்லை.

நாலாம் நாள் தறியில் உட்கார வந்தார். அக்கா எழுந்து நடுவிடத்தை விட்டுக்கொடுத்தாள். வேண்டாம் என்றார்.

"நீ அங்கியே இரு. நான் பக்கத்துல உக்காறேன்."

ஆரணியில் எந்த ஆம்பிளையும் பெண்டாட்டிக்குப் பக்கத்து நாடா போட்டு நான் பார்த்ததில்லை. மூத்தார் ஒரு நாளும் அங்கே உட்கார்ந்ததில்லை. இவர் உட்கார்ந்தார், என் இடத்தில். ஒரு கோர்வை தவறவில்லை. அதைவிட, நான் போடுகிற மாதிரியே போட்டார். எனக்கு ஒரு பழக்கம், நாடாவை விடும் முன் சுண்டு விரலால் ஒரு தட்டுத் தட்டுவேன். தறிச் சத்தத்துக்கு நடுவில் அந்தச் சின்னத் தட்டல் கேட்கும். அடுப்படியில் குழம்பு கொதிக்கும்போது அதைக் கேட்டு, நான் தறியில்தான் உட்கார்ந்திருக்கிறேனோ என்று கையைப் பார்த்துக்கொண்டேன். தினமும் பார்த்துக்கொண்டேன்.

பொறாமையும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். காலையில் ஆறு எப்படி என்று கேட்க எனக்கு ஆளில்லை. ஆனால் பயம்தான் பெரிது. என் பேச்சை நம்பித்தானே உள்ளே விட்டாள்? அவளுக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் என்ன செய்வேன்? வந்தது யாரோ, எதுவோ, அதை அழைத்து உள்ளே உட்கார வைத்தது என் பொய்தான் என்று மூன்று மாதம் புழுங்கினேன். சோறு பிடிக்கவில்லை. என் கணவர் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார்.

தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அந்த வந்தவர் நெய்த சேலையைக் கொடுக்கக் கடைத்தெருவுக்குப் போனார், போகலாமா என்று கேட்டுவிட்டுத்தான். அவர் தெருமுனை திரும்பியதும் நான் போய்த் தறியில் என் இடத்தில் உட்கார்ந்தேன்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தத் தொடர்ல வந்தது அவர் இல்லக்கா. அவர் வெளியில செத்துக் கெடந்தாரு. நான்தான் மாத்திச் சொன்னேன். தொடரும் அதோட நின்னுபோச்சு. அப்பால சொன்னதெல்லாம் என் இஷ்டத்துக்கு அளந்தது."

அக்கா மிதித்துக்கொண்டே இருந்தாள். நானும் பழக்கத்தில் நாடாவைப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

"ஏன் மாத்திச் சொன்னே?"

"நீங்க அவருக்காகக் காத்துகினு இருந்தீங்களே. மனசு உட்டுடுவீங்கன்னு..."

அக்கா பலகையை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. ரொம்ப நாள் சுமந்ததை இறக்கி வைக்கிற களைப்புதான் அந்த முகத்தில் இருந்தது.

"காத்துகினு இருந்தேன்னு யார் சொன்னாங்க உனக்கு? எந்நேரமும் வாசலப் பாத்துகினு இருந்தேன், அது நெஜந்தான். வந்துடப் போறாரேன்னு பாத்தேன். அந்தம்மா தொறந்துடக் கூடாதுன்னு வாரா வாரம் சாமியக் கும்பிட்டேன். அவரேதான் வந்தாரு, கதவ மூடிகினாங்கன்னு நீ சொன்னியே, அன்னிலேருந்து எனக்குத் தூக்கமே போச்சு."

கையிலிருந்த நாடாவைக் கீழே வைத்தேன். கடைசியில் கேட்டேன்.

"அப்போ இவரு?"

"இவரு அவரில்ல."

"எப்படிக்கா தெரியும்?"

"அதே கைதான். இத்தினி வருசமா மறக்கலியே அந்தக் கைய. ஆனா அது என்னைத் தொட்றதுக்கு முன்னாடி கேக்குது." நாடாவை எடுத்தாள். "யாரு, இன்னான்னு நான் கேக்கல. நீயும் கேக்காதே. வாசல்லயே கேட்டுகினு நின்னுச்சே, அவரா இருந்தா நான் உள்ள உட்டிருக்கவே மாட்டேன்."

எட்டு வருஷம். திங்கட்கிழமை தோறும், அவளுக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, நான்தான் அந்த மனுஷனை உள்ளே அழைத்து வந்து, சோறு போட்டு, கதவைச் சாத்திக்கொண்டிருந்தேன்.